பிரெஞ்சுக் குரலை மாற்றிவிட்டு ஆங்கிலம் கேட்ட கதை

மொரிஷியசில் ஆங்கிலத்தைக் கண்ணால் பார்க்காத நாள் கிடையாது. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், அரசாங்கக் கடிதம் ஆங்கிலத்தில், பெரிய தேர்வுகளின் வினாத்தாள் கேம்பிரிட்ஜிலிருந்து வருகிற ஆங்கிலத்தில். காதால் கேட்பது மட்டும் அபூர்வம். வகுப்பில் அந்த ஆங்கிலப் பாடத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கிரியோலில், பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் பேச்சுமொழியில். வீட்டிலும் கடையிலும் பேருந்திலும் கிரியோல். செய்தித்தாள் பெரும்பாலும் பிரெஞ்சு. ஹாலிவுட் படம் என்றால்கூட, தொலைக்காட்சியிலும் சரி, தியேட்டரிலும் சரி, பிரெஞ்சுக் குரல் கொடுத்ததுதான் அதிகம் ஓடும். நியூயார்க் போலீஸ்காரரும் டெக்சஸ் மாட்டுப்பண்ணைக்காரரும் பாரிஸ் பிரெஞ்சில் பேசுவதைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

நான் ரோஸ் ஹில் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியர். தமிழைப் பள்ளியில் விருப்பப் பாடமாகத் தொடங்கி, பிறகு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் முறையாகப் படித்தேன். ஆங்கிலத்தில் கடிதம் எழுத, அறிக்கை எழுத எனக்குச் சிரமம் இருந்ததில்லை. அதைக் காதுக்குப் பழக்க வேண்டும் என்ற தேவை தென்னாப்பிரிக்க நகரமான டர்பனிலிருந்து வந்தது.

டர்பன் தமிழர்களோடு எங்கள் கோயில் ஆட்களுக்கு நீண்ட நாள் பழக்கம். காவடிப் பாடல், தமிழ் வகுப்பு, பாடத்திட்டம் என்று ஏதாவது பேச்சு வந்துகொண்டே இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு அது வீடியோ அழைப்பாக மாறியது. அவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டு மொழியே ஆங்கிலம். எங்களுக்குக் கிரியோல். இரண்டு பக்கமும் முருகனைக் கும்பிடுகிற தமிழர்கள்தான், ஆனால் நடுவில் பாலமாக இருப்பது ஆங்கிலம். அவர்கள் வேகமாகப் பேசுவார்கள், பேச்சுக்கு நடுவே சிரிப்பார்கள். பெரிய சொற்கள் எல்லாம் எனக்குப் பிடிபட்டன. சின்னச் சொற்கள்தான் நழுவின.

ஏன் அப்படி என்று யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஏராளமான பிரெஞ்சுச் சொற்களும், பின்னர் அவற்றின் உறவான லத்தீன் சொற்களும் ஆங்கிலத்துக்குள் புகுந்தன. அதனால் பிரெஞ்சும் கிரியோலும் தெரிந்த மொரிஷியஸ் பிள்ளைக்கு 'டாலரேட்', 'கன்டினியூ', 'ரெஃப்யூஸ்' எல்லாம் படிக்காமலே புரியும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பேசும் ஆங்கிலேயரோ டர்பன்காரரோ அந்தச் சொற்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. பொறுத்துக்கொள்வதற்கு 'புட் அப் வித்', தொடர்வதற்கு 'கேரி ஆன்', மறுப்பதற்கு 'டர்ன் டவுன்' என்று இரண்டு மூன்று துண்டுச் சொற்களைக் கோத்துப் பேசுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் முதல் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்தது. சேர்ந்தால் வரும் பொருளை மட்டும் எங்கள் பாடப்புத்தகம் போதிய அளவு சொல்லவில்லை. திரைப்பட வசனம் முழுக்க இந்தக் கோவைகள்தான். ஆக, சொல்வளத்துக்காக நான் படம் பார்க்கத் தொடங்கியது அரிய சொற்களைத் தேடி அல்ல. எல்லோரும் புழங்கும் சொற்களைப் பிடிக்கத்தான்.

இதற்கு ஆதரவாக ஒரு ஆய்வு உண்டு. ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ரோட்ஜர்ஸ் என்ற இருவர் 2009இல் ஆங்கிலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் வசனங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் 3000 சொற்குடும்பங்களோடு (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) ஆள் பெயர், ஊர்ப் பெயர், 'ஓ', 'ஆ' போன்றவற்றையும் தெரிந்து வைத்திருந்தால், நிகழ்ச்சியில் வரும் சொற்களில் ஏறத்தாழ 95 சதவீதம் தெரிந்தவையாக இருக்கும் என்று கண்டார்கள். திரைப்படங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். நூற்றுக்கு ஐந்து சொல் புரியாமல் போனாலும் படம் கைகொடுக்கும். பள்ளிப் படிப்பை முடித்த ஒருவர் இந்த 3000க்கு அருகிலாவது இருப்பார் என்பது என் அனுபவம். கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்கும் தெரிய வேண்டும், அதுதான் வேலை.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் உலகின் பெரும்பாலான நாடுகளுக்குப் போனபோது எங்களுக்கும் வந்தது. எங்கள் வீட்டில் அது பிரெஞ்சிலேயே அமைக்கப்பட்டிருந்தது, அம்மா பார்ப்பதற்கு வசதியாக. நான் ஆங்கிலக் குரலுக்கு மாற்றினால் அம்மாவுக்குக் கோபம் வரும், அவர் திரும்ப மாற்றினால் எனக்கு வேலை கெடும். இதற்குத் தீர்வு எளிது. ஒரே கணக்கில் தனியாக இன்னொரு புரொஃபைல் திறந்து, அதன் மொழியை ஆங்கிலமாக வைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மாற்றும் தொல்லை போனது. சின்ன விஷயம்தான், ஆனால் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலும் மொரிஷியசிலும் இருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பிரெஞ்சுக் குரல் கை தொடும் தூரத்தில் இருக்கும்வரை களைப்பான மாலையில் கை தானாக அங்கே போய்விடும்.

அடுத்தது சப்டைட்டில். பிரெஞ்சு சப்டைட்டில் போட்டால் கதை நன்றாகப் புரியும், மனம் நிம்மதியாக இருக்கும், காது தூங்கிவிடும். இதையும் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்குயின் இருவரும் 2009இல் டச்சு மொழி பேசுபவர்களுக்கு ஆஸ்திரேலிய, ஸ்காட்லாந்து உச்சரிப்பில் உள்ள காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கமில்லாத உச்சரிப்பு பிடிபட ஆரம்பித்தது. டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அது இடைஞ்சலாகத்தான் இருந்தது. குரலும் ஆங்கிலம், எழுத்தும் ஆங்கிலம் என்று வைத்தபோது எனக்கும் ஒரு மாதத்துக்குள் வித்தியாசம் தெரிந்தது. 'காட் டு', 'வாண்ட் டு' எல்லாம் பேச்சில் எப்படிச் சுருங்குகின்றன என்பதை எழுத்தும் ஒலியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பிடிக்க முடிகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் அக்கா மகள் கொரியத் தொடர் என்றால் உயிரை விடுவாள். எங்கள் தகவல் தொழில்நுட்ப வளாகமான எபேன் சைபர்சிட்டியில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு நேர்முகத் தேர்வு வந்தபோது, ஆங்கிலம் பழகப் போகிறேன் என்று கொரியத் தொடரையே ஆங்கிலக் குரலில் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, குரல் ஒன்று சொல்கிறது, கீழே எழுத்து வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?" என்று கேட்டாள்.

"இரண்டும் மொழிபெயர்ப்பம்மா. வாயசைவுக்குப் பொருந்தும்படி ஒருவர் எழுதியிருப்பார், படிக்கிற வேகத்துக்குத் தக்கபடி இன்னொருவர் எழுதியிருப்பார். ஆங்கிலத்திலேயே எடுத்த தொடரைப் போடு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஆனால் போட்டாள். எந்த மொழியைக் கற்கிறோமோ அந்த மொழியிலேயே படமாக்கப்பட்டதை எடுக்க வேண்டும். கூடுமானவரை காது கேளாதவர்களுக்கான சப்டைட்டிலைத் தேர்ந்தெடுங்கள், 'சிசி' என்ற குறியோடு இருக்கும். பேச்சுக்கு நெருக்கமாக எழுதியிருப்பார்கள். அதோடு கதவு கிரீச்சிடுவது, ஒருவர் பெருமூச்சு விடுவது, ஏளனமாக மூச்சு விடுவது என்று எல்லா ஒலிக்கும் ஒரு சொல் போட்டிருப்பார்கள். எங்கள் பள்ளி ஆங்கிலத்தில் இந்த ஒலிச் சொற்கள் சுத்தமாக இல்லை.

எனக்கு மிகப் பெரிய பலன் தந்தது வேறொன்று. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தற்செயலாகத்தான் கிடைத்தது.

என் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல ஆங்கிலம் படித்தவர். சர்க்கரை நோயால் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. இந்தத் தீவில் சர்க்கரை இல்லாத குடும்பமே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்காக 'ஆடியோ டிஸ்கிரிப்ஷன்' என்ற குரல் தடத்தைப் போட்டுவிடுவேன். குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே ஆங்கிலத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும். பார்வையற்றவர்களுக்காகத் திரையில் நடப்பதை எல்லாம் வசனங்களுக்கு இடையே ஒருவர் சொல்லிக்கொண்டே வருவார். அவள் தோளைக் குலுக்குகிறாள், அவன் சாவியைத் தடவித் தேடுகிறான், கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான், நாற்காலியில் தொய்ந்து விழுகிறான், வலியில் முகம் சுளிக்கிறான் என்று ஒவ்வொரு அசைவுக்கும் சுருக்கமாக ஒரு வாக்கியம், எல்லாம் நிகழ்காலத்தில்.

பெரிய மாமாவுக்காகப் போட்டது, நான் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு உட்காரும் அளவுக்குப் போய்விட்டது. 'ஷ்ரக்', 'ஃபம்பிள்', 'ஸ்க்வின்ட்', 'ஸ்லம்ப்', 'வின்ஸ்' என்று கை, கால், கண், தோள் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் சரியான வினைச்சொல். இந்தச் சொற்களுக்குப் பொருள் பார்க்க அகராதியைத் திறக்க வேண்டியதே இல்லை, அந்த நொடியில் திரையில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். வசனத்தை மட்டும் கேட்டால் இவை நமக்குக் கிடைக்காது, ஏனென்றால் தோளைக் குலுக்குகிறவன் 'நான் தோளைக் குலுக்குகிறேன்' என்று சொல்ல மாட்டான். கதைப் புத்தகம் நிறையப் படித்தவர்களுக்கு இவை தெரிந்திருக்கும். படிக்கிற பழக்கம் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தத் தடம் ஒரு பெரிய வரம் என்று நான் மனதார நம்புகிறேன். நெட்ஃபிளிக்ஸில் 2015இலிருந்து இது இருக்கிறது, மற்ற சில சேவைகளிலும் உண்டு. பெரிய மாமா சில நேரம் எனக்கு முந்திக்கொண்டு, "இதற்குத் தமிழில் என்ன சொல்வாய்?" என்று கேட்பார். தமிழ் வினையைத் தேடுவதில் இருவருக்கும் மாலை போய்விடும்.

எதைப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். இருபது சொச்ச நிமிடம் ஓடுகிற குடும்ப நகைச்சுவைத் தொடர்கள்தான் தொடங்க ஏற்றவை. சமையலறை, அலுவலகம், பக்கத்து வீட்டுச் சண்டை என்று நமக்குத் தேவையான பேச்சு அங்கேதான் நடக்கிறது. மருத்துவத் தொடரும் நீதிமன்றத் தொடரும் பிறகு பார்க்கலாம். அரச காலத்துக் கதைகளில் வரும் பேச்சை எடுத்துக்கொண்டு எபேனுக்கு நேர்முகத்துக்குப் போக முடியாது. காது இன்னும் தயாராகவில்லை என்றால் டேவிட் அட்டன்பரோ குரல் கொடுத்த இயற்கை ஆவணப்படங்களில் தொடங்குங்கள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும், சொல்லும் காட்சியும் ஒன்றாகவே வரும்.

இன்னொன்று, தினம் ஒரு புதுப் படம் என்று தாவாமல் ஒரே தொடரில் தங்குவது நல்லது. அதே ஆட்கள், அதே இடம், அதே விஷயம் என்பதால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். முன்பு சொன்ன அதே ரோட்ஜர்சும் வெப்பும் இதையும் பார்த்திருக்கிறார்கள். ஒரே தொடரின் பகுதிகளில் வரும் சொற்களின் வகை, தொடர்பில்லாத நிகழ்ச்சிகளில் வருவதைவிடக் குறைவு. ஒரு சொல்லை ஒரு முறை கேட்டால் ஒட்டாது. பல நாளில், பல வாயில் கேட்டால்தான் ஒட்டும்.

பார்க்கும் முறை பற்றி என் அக்கா மகளுக்கும் எனக்கும் சண்டையே நடந்திருக்கிறது. அவள் ஒவ்வொரு தெரியாத சொல்லுக்கும் நிறுத்துவாள். கதை செத்துவிடும், அரை மணி நேரத்தில் அலுத்துப்போவாள். நான் சொன்னது இதுதான். முதலில் முழுப் பகுதியையும் நிறுத்தாமல் பார். பிடித்த ஒரு காட்சியை, இரண்டு மூன்று நிமிடக் காட்சியை, மட்டும் எடுத்துக்கொள். ஆங்கில சப்டைட்டிலோடு ஒரு தரம், எழுத்தே இல்லாமல் ஒரு தரம். அப்புறம் அந்தக் கதாபாத்திரத்தின் கூடவே, அதே வேகத்தில், அதே ஏற்ற இறக்கத்தில் வாய்விட்டுச் சொல். கூச்சமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள். இந்தக் கூடவே சொல்லும் பயிற்சிதான் அவளுக்கு வேலை வாங்கித் தந்தது என்பேன். தேர்வில் அவளைத் தொலைபேசியில் பேசவிட்டுப் பார்த்தார்கள், திணறாமல் பேசினாள். மற்றப் பிள்ளைகளுக்கும் இலக்கணம் தெரியும், ஆனால் வாய் அந்த ஓட்டத்துக்குப் பழகியிருக்கவில்லை என்று அவளே வந்து சொன்னாள்.

குறிப்பு எடுப்பதில் நான் கண்டிப்பானவன். தனிச் சொல்லை எழுத மாட்டேன், வாக்கியத்தை அப்படியே எழுதுவேன். கூடவே யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னார் என்று தமிழில் ஒரு வரி. 'மேலாளரிடம், பணிவாக', 'தம்பியிடம், எரிச்சலில்' என்பது போல. இந்த ஒரு வரி மிக முக்கியம். படங்களில் வசவும் தெருப் பேச்சும் கொட்டிக் கிடக்கின்றன, புரிந்துகொள்ள அவை வேண்டும், ஆனால் வாயில் வரக் கூடாத இடங்கள் உண்டு. நண்பனிடம் சொன்னதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டால் வேலைக்கு ஆபத்து. ஒரு பகுதிக்கு ஐந்தாறு வாக்கியத்துக்கு மேல் நான் எடுப்பதில்லை.

எடுத்ததைத் திரும்பப் பார்க்காவிட்டால் எல்லாம் வீண். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே, தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, படித்தது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்று காட்டிவிட்டார். இடைவெளி விட்டு விட்டு நினைவுபடுத்துவதுதான் மருந்து. அங்கி என்ற செயலி இதற்கென்றே இருக்கிறது. நான் அட்டைகளை வெட்டி, பிஸ்கட் டப்பாவில் அறை பிரித்துப் போட்டு வைத்திருக்கிறேன். சரியாகச் சொன்ன அட்டை பின் அறைக்குப் போகும், அடுத்து வெகுநாள் கழித்துத்தான் வரும். தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். கணினியில் பார்ப்பவர்கள் லாங்குவேஜ் ரியாக்டர் என்ற, குரோம் உலாவியோடு சேர்க்கும் நீட்சியைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மொழி வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும், ஒவ்வொரு வசனமாகப் பின்னால் போக முடியும். பிரெஞ்சு வரியை மறைத்து வைத்து, தேவைப்படும்போது மட்டும் பாருங்கள்.

பிரெஞ்சு தெரிந்ததால் வரும் தொல்லை ஒன்றும் உண்டு. பிரெஞ்சின் 'ஆக்த்யுயெல்மான்' என்பது 'இப்போது'. ஆங்கிலத்தின் 'ஆக்சுவலி' என்பது 'உண்மையில்'. பிரெஞ்சு 'லிப்ரேரி' புத்தகக் கடை, ஆங்கில 'லைப்ரரி' நூலகம். எங்கள் தீவில் படித்தவர்களே இவற்றைக் கலந்துவிடுவார்கள். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தும் போகாத குழப்பம் இது. ஒரு தொடரில் ஒருவர் மற்றவரைத் திருத்தும்போதெல்லாம் 'ஆக்சுவலி' என்று தொடங்குவதைச் சில வாரம் கேட்டால் அந்தப் பிசகு தானாக உதிர்ந்துவிடுகிறது.

டர்பனுக்குத் திரும்புகிறேன். அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்கள் பழகிய பிறகு கேப் டவுனில் எடுத்த தொடர்களைத் தேடிப் பார்த்தேன். தென்னாப்பிரிக்க உச்சரிப்பு அதில் பிடிபட்டது. ஆனால் டர்பன் இந்திய வம்சாவளியினரின் ஆங்கிலம் அதிலிருந்தும் தனி. அந்த இழுப்பும் அந்தச் சொற்களும் திரையில் எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. அதற்கு அவர்களிடமே கேட்டேன்: எழுதி அனுப்பாதீர்கள், குரல் பதிவாக அனுப்புங்கள். தொடரைக் கேட்பதுபோலவே அவற்றையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். எந்த ஊர் ஆட்களோடு பேச வேண்டுமோ அந்த ஊர் ஆட்களின் குரலையும் சேர்த்துக்கொண்டால்தான் இந்த முறை முழுமை பெறும்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் பேசுகிறோம். எங்களுக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம், இங்கே ஏழு என்றால் அங்கே ஐந்து. நான் சொல்லக் கேட்டு, அங்கே இரண்டு பெண்கள் தமிழுக்கு இதே வழியைக் கையாளத் தொடங்கியிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஓடிடியில் பல தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில்தான் கிடைக்கிறது, தமிழ் எழுத்தில் இல்லை. குரலும் எழுத்தும் ஒரே மொழியில் என்ற அடிப்படையே அங்கே ஆட்டம் காண்கிறது. அதனால் வாரம் ஒரு காட்சியை அவர்கள் தேர்ந்தெடுத்துச் சொல்கிறார்கள். நான் அதைக் கேட்டு, வசனத்தைப் பேசினபடியே தமிழில் எழுதி, அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்புகிறேன். சென்ற வாரம் கேட்ட காட்சியில் ஒரு பாட்டி மதுரைப் பக்கத்துப் பேச்சில் மருமகளைத் திட்டுகிறாள். அதில் இரண்டு சொல் எனக்கே தெரியவில்லை, பெரிய மாமாவிடம் கேட்டிருக்கிறேன்.